பெரிய துரை வண்டியும் புது ஜீப்பும்

என் அக்காள் புருஷன் பத்துமலையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லிப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால், வேறு வேலை இருந்தால் போய்ப் பார் என்று விரட்டியிருப்பேன். நேரில் பார்த்தால் சிரித்துப் பேசுவோம். மச்சான் மச்சான் என்று தோளில் கை போட்டுக்கொள்வோம். உள்ளுக்குள் எனக்கு அவர்மேல் ஒரு கோபம் கிடந்தது. ஐம்பத்தேழாம் வருடத்துக் கோபம். எழுபத்தொன்பதில் அவர் ஒரு வண்டி வாங்கக் கிளம்பினாரே, அப்போதுதான் அது என்னை விட்டுப் போயிற்று.

பத்துமலை மலேசியாவில், கோப்பெங்குக்கு உள்ளே ஆனைக்கல் ரப்பர் தோட்டத்தில் பெரிய துரைக்கு டிரைவராக இருந்தவர். மற்றவர்கள் இருட்டோடு பால்மரம் வெட்டப் போகும்போது இவர் பங்களாக் கொட்டகையில் லேண்ட்ரோவரைக் கழுவிக்கொண்டிருப்பார். காக்கிச் சட்டை, காலில் சப்பாத்து, பையில் மடித்து வைத்த மஞ்சள் துணி. அந்த வண்டிக்குச் செய்கிற பணிவிடையில் பாதியைத் தன் முகத்துக்குச் செய்திருந்தால் ஆள் மாப்பிள்ளை கணக்காக இருந்திருப்பார் என்று தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், கேலி பேசுவார்கள். அவருக்குக் கோபம் வராது. "ஒங்களுக்கு என்னா தெரியும்லா? மத்த காடியெல்லாம் பின்னங்கால்ல நடக்குது. இது நாலு காலும் போட்டு இழுக்கும்" என்பார்.

எழுபத்துநாலில் தோட்டத்தைக் கூறு போட்டு விற்றார்கள். பெரிய துரை சீமைக்குக் கப்பலேறினார். லேண்ட்ரோவர், ஒரு பங்கை வாங்கிய சீன முதலாளி தவுக்கேயோடு போயிற்று. பத்துமலை கோப்பெங்கில் காய்கறி லாரி ஓட்டினார். போக்கிடம் இல்லாத முப்பது குடும்பங்கள் பழைய லயத்திலேயே தங்கிவிட்டன. என் அக்கா நல்லம்மாளும் அவரும் அதில் ஒரு குடும்பம். அவர்களுடைய ஒரே மகள் மங்களத்தைத் தெலுக் இந்தானில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு மூன்று மைல் செம்மண் பாதை. தோட்டம் இருந்தவரை கம்பெனி அதைச் செப்பனிட்டது. கூறு போட்ட பிறகு அது யார் பாதை என்றே யாருக்கும் தெரியவில்லை. மழை பெய்தால் டாக்சிக்காரன் முனியாண்டி கோயில் வளைவில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான். காய்ச்சல்காரனும் பிள்ளைத்தாச்சியும் அதற்கு மேல் நடக்க வேண்டியதுதான்.

ஐம்பத்தைந்து வயதில் பத்துமலைக்குச் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தார். காலையில் மலைத் தோட்டக்காரர்களின் காய்கறியைக் கோப்பெங் பாசாருக்கு இறக்குவது, மற்ற நேரத்தில் லயத்து ஆட்களை ஏற்றி இறக்குவது. நல்ல யோசனைதான். நான் ஈப்போவில் வண்டி சாமான் கடையில் கவுண்டரில் நிற்கிறவன் என்பதால் என்னிடம் கேட்டார்.

"புதுசு வாங்குங்க மச்சான்" என்றேன். "ஜப்பான்காரன் சின்ன ஜீப் ஒன்னு வந்திருக்கு. ஒரு வருஷம் உத்தரவாதம் குடுக்கறான். சாமான் எங்க கடையிலயே கெடைக்கும். கொஞ்சம் கைப்பணம் கட்டுங்க, மிச்சத்த மாசாமாசம் கட்டிக்கலாம்."

அவர் தலையைச் சொறிந்தார். "துரை காடி வெலைக்கு வந்திருக்கு, சீனி" என்றார்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. ஆனாலும் கோபத்தைக் காட்டாமல் வியாபாரம் பேசினேன். பழைய வண்டி வாங்கப் போகிறவன் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்குவான், அடியில் படுத்துச் சேசிஸைத் தட்டிப் பார்க்கிறவன்தான் பிழைப்பான் என்றேன். யார் யாரோ ஓட்டிய வண்டியின் நோய் வாங்கிய மறுநாள்தான் தெரியும் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புதுசுக்கு அவன் உத்தரவாதம் குடுக்கறான். இதுக்கு நான் குடுக்கறேன்லா" என்றார். இந்த ஆளிடம் என்ன பேசுவது?

வண்டி மீரா சாஹிப்பின் கொட்டகையில் நின்றது. ஈப்போவுக்குப் போகிற ரோட்டில் அவர் பழைய வண்டிகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாமல் அந்தத் தொழிலைச் செய்த மனிதர் பேராக்கிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"டிரைவரண்ணே, ஒங்ககிட்ட மறைக்க ஒன்னுமில்ல" என்றார். "மேல அலுமினியம், துரு புடிக்காது. அடியில பின்பக்கம் ரெண்டு எடத்துல ஒட்டு போட்டிருக்கு. அஞ்சு வருஷமா பலகை ஏத்தி அடிச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க. வீட்டுக்காரங்களையும் ஒரு தடவை ஏத்திப் பாருங்க. வீட்டுக்காரங்க வேணாம்னு சொல்ற காடிய நான் விக்கறதில்ல. மறுவாரமே திரும்பி வந்துரும்."

பத்துமலை ஏறி உட்கார்ந்தார். இருக்கையைத் தொட்டார், கண்ணாடியைத் திருப்பினார், சாவியைப் போட்டார். எந்த நட்டு எந்தக் குழியில் முனகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணி. செம்மண் பாதையில் வண்டி உறுமிக்கொண்டு ஏறியதும் லயத்தில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எதிரே சைக்கிளில் வந்த ராமையா சட்டென்று இறங்கி, சைக்கிளைச் சாக்கடைக்குள் தள்ளிவிட்டு, தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடினார்கள். கள்ளச் சாராயம், சம்சு, காய்ச்சுகிற மாயாண்டி, அன்றைக்குத்தான் இறக்கிய ஒரு பானைச் சம்சுவை அப்படியே கால்வாயில் கவிழ்த்துவிட்டான். துரை போய் ஐந்து வருடம். தோட்டமே இல்லை. ஆனால் அந்த இன்ஜின் சத்தம் காதில் விழுந்ததும் கையும் காலும் தாமாகவே பழைய வேலையைச் செய்துவிட்டன.

இறங்கியது பத்துமலை என்று தெரிந்ததும் ஒரே சிரிப்பு. மாயாண்டி மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, ஆரன் அடிச்சாவது வந்திருக்கக் கூடாதா? துரை ஆரன் அடிக்க மாட்டாரு, அதான் நான் பயந்துட்டேன்" என்று காலிப் பானையைக் காட்டி அழுதான்.

சிரிப்பு அடங்கியபோது பார்த்தேன். அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அந்த வண்டி லயத்துப் பக்கம் வரும்போதெல்லாம் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். துரைக்கு மரியாதை என்று ஊரில் நினைத்தார்கள். காரணம் எனக்குத் தெரியும். பத்துமலைக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஐம்பத்தேழில் அக்காவுக்குத் தலைப்பிரசவம். எட்டாம் மாதத்திலேயே, நடுப்பகலில், கொட்டுகிற மழையில் வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி கருப்பம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு, "என் கையில இல்ல, பத்துகாஜா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றாள். பத்துமலை பங்களாவுக்கு ஓடினார். துரை சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு முன்னால் துரையை எழுப்பினவன் அந்தத் தோட்டத்தில் பிறக்கவில்லை. வண்டி கொட்டகையில் நின்றது. சாவி இவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் உத்தரவு இல்லாமல் எப்படி எடுப்பது? பங்களாக் குசினிப் படியில், மழைக்குக் கூட ஒதுங்காமல், இரண்டு மணி நேரம் நின்றாராம்.

நாங்கள் பார்த்துப் பார்த்து அலுத்து, ஒரு கதவைக் கழற்றி, அதன்மேல் கம்பளியைப் போட்டு அக்காவைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எட்டுப் பேர். முன்பக்கத்து வலது மூலை என் தோளில். பெரிய ரோட்டுக்கு நூறு கஜம் இருக்கும்போது குழந்தை பிறந்தது. பெண். அழவே இல்லை.

நாலு மணிக்கு எழுந்த துரை விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் அரைகுறைத் தமிழில், "சாவி உன் கையில் இருக்கு. ஏன் போகல?" என்றாராம். பங்களாச் சமையல்காரன் வந்து சொன்னான். துரை அடித்திருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். அந்தக் கேள்விதான் என்னை ஆறவிடவில்லை. வண்டிக்கும் உத்தரவுக்கும் பயந்து பெற்ற பிள்ளையைத் தொலைத்தவர் என்று அன்றைக்கு மனதில் எழுதி வைத்தேன். அன்று அந்த வண்டியை ஒரு கல்லெடுத்து அடித்திருக்கலாம். அதற்கு எனக்கும் தைரியம் இல்லை, அது வேறு விஷயம்.

இப்போது அதே வண்டியை அக்கா வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தி, காசு கொடுத்து வாங்கப் போகிறாராம்!

"நல்லம்மா, வெளிய வந்து ஒரு தடவ ஏறிப் பாரேன்" என்று கூப்பிட்டார். கதவு திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். "சோறு அடுப்புல இருக்கு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.  அவர் மஞ்சள் துணியை எடுத்து, சேறு தெறித்த கதவைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு திரும்பி வராமல் மூன்று மைல் நடந்தே போய் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் விடவில்லை. இரண்டு பேரையும் ஈப்போவுக்கு வரவழைத்துப் புது ஜீப் விற்கிற கடைக்குக் கூட்டிப்போனேன். வெள்ளை வண்டி. கண்ணாடி மாதிரித் தரையில் நின்றது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குள் நுழைந்தாள். விற்கிற சீனப் பையன் மலாயில் வரவேற்று, முன்கதவைத் திறந்து, அக்காவை உட்காரச் சொன்னான். படி தாழ்வாக இருந்தது. இடுப்பு வலிக்காரி, யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இருக்கையில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை சரசரத்தது. பத்துமலை வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். முன்சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற குட்டைக் கம்பியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார்.

"எப்படி மச்சான்?"

"நல்ல காடிதான். சேறு பார்த்ததில்ல. பார்த்தா என்னா செய்யும்னு எனக்கு இன்னும் தெரியாது" என்றார். பொய்யில்லை.

"ஒனக்கு எப்படிக்கா?"

"ஒக்கார சொகமா இருக்கு" என்றாள்.

திரும்பும் வழியில் மீரா சாஹிப்பின் கொட்டகையில் டாக்சியை நிறுத்தச் சொன்னார் பத்துமலை. ஒரு முடிவு சொல்ல வேண்டுமாம். கடைக்காரப் பையனிடம் சொல்லாத முடிவை இவரிடம் சொல்லப் போகிறார் என்றால் என்ன முடிவு என்று எனக்குத் தெரியாதா? இன்றைக்குப் பேசிவிடுவது என்று நாக்கைத் தீட்டி வைத்துக்கொண்டேன்.

லேண்ட்ரோவர் கொட்டகை முகப்பில் நின்றது. பத்துமலை அதன் முன்கதவைத் திறந்தார். துரை உட்காருகிற பக்கம். "ஏறு" என்றார் அக்காவிடம். அக்கா அசையவில்லை.

"மச்சான், நீங்க செய்யறது கொஞ்சங்கூட நல்லால்ல" என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு, சீனி." அவர் குரல் என்னவோ மாதிரி இருந்தது. அக்காவைப் பார்த்துப் பேசினார். "நான் இத ஓட்டணும்னு ஆசப்பட்டு வாங்கப் போகல நல்லம்மா. இருபத்ரெண்டு வருஷமா ஒரே நெனப்புதான். இது என் காடியா இருக்கணும். ஒன்ன முன்னால ஒக்கார வைக்கணும். எவன் உத்தரவும் கேக்காம லயத்துலேந்து பெரிய ரோடு வரைக்கும் ஒரு தடவ கொண்டு போகணும். அதுக்கப்புறம் இத வித்தாலும் சரி, ஒடச்சுப் போட்டாலும் சரி. அன்னிக்கு வராத காடி ஒரு தடவயாவது ஒனக்கு வரணும்."

 சாவியைப் பையில் வைத்துக்கொண்டு நின்ற மனிதன் அந்தப் படியை விட்டு இறங்கவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அத்தனை வருடமும் அவர் அந்த வண்டியைக் கழுவியதைப் பார்த்து நான் பல்லைக் கடித்திருக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

அக்கா வண்டியைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"காடி வரலன்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்றாள்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எட்டுப் பேரு தூக்கிட்டுப் போறாங்க. என் தம்பி இருக்கான். கருப்பம்மா அக்கா இருக்காங்க. பக்கத்து வீட்டு வீரம்மா கொட பிடிச்சுக்கிட்டு வாரா. தலைய தூக்கித் தூக்கிப் பாக்கறேன், ஒங்களக் காணோம். எனக்குக் காடி வேணாங்க. ஒங்க கை வேணும். புள்ள தங்கியிருக்குமோ தங்கியிருக்காதோ, அது ஆண்டவனுக்குத்தான் தெரியும். புள்ள முகத்த நான் ஒத்தையில பாத்தேன். அதத்தான் என்னால தாங்க முடியல. நீங்க அங்க காடிக்குக் காத்துக்கிட்டு நின்னீங்க. நான் ஒங்களுக்குக் காத்துக்கிட்டுக் கெடந்தேன்."

சொல்லும்போது அழவில்லை. சொல்லி முடித்ததும் அழுதாள். பத்துமலை திறந்த கதவைப் பிடித்தபடி நின்று, ஐம்பத்தைந்து வயதில், ரோட்டில் போகிறவர்கள் பார்க்க அழுதார். "எனக்குத் தெரியலயே நல்லம்மா, எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அதையே சொன்னார். மீரா சாஹிப், தேத்தண்ணி கொண்டுவரப் போகிறேன் என்று எழுந்து போனவர் அரை மணி நேரம் திரும்பவில்லை. நான் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கோபம் போனது அங்கேதான். தொலையட்டும் என்று நானாக விட்டதில்லை. வைத்துக்கொள்ள ஒரு காரணமும் மிஞ்சவில்லை.

தேத்தண்ணி வந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு லேண்ட்ரோவரின் படியைப் பார்த்தாள்.

"இம்புட்டு ஒயரம் யாரு ஏறுவா? என் இடுப்பு இருக்கற இருப்புல" என்றாள். "அந்த வெள்ளக் காடிய வாங்குங்க. புள்ளத்தாச்சிங்களும் கெழவிங்களும் ஏற எறங்கத் தோதா இருக்கும்."

அவ்வளவுதான். சேசிஸ், உத்தரவாதம், சாமான் என்று நான் மூன்று வாரம் தொண்டை கிழியப் பேசியதை அக்கா ஒரு படியைப் பார்த்து முடித்துவிட்டாள். மீரா சாஹிப் பத்துமலையின் தோளைத் தட்டினார். "நஷ்டம் எனக்குத்தான். இருந்தாலும் சொல்றேன் கேளுங்க, புதுக் காடின்னு சும்மா விட்டுறாதீங்க, செம்மண்ணு பட்டா அன்னன்னிக்கே அடிய கழுவிருங்க" என்றார்.

வெள்ளை ஜீப்புக்கு முனியாண்டி கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளப்பினோம். முதல் மழையிலேயே சேறு பார்த்தது. குட்டைக் கம்பியைப் போட்டு மெல்ல மிதித்தார். குரங்குக்குட்டி மாதிரி மேட்டில் தொற்றி ஏறியது. அதற்கப்புறம் அவர் அதன்மேல் ஒரு குறை சொல்லவில்லை. காலையில் கீரையும் மரவள்ளியும், மத்தியானம் நோயாளியும் பள்ளிப் பிள்ளைகளும். வெள்ளை வண்டி மாதத்துக்கொரு சாயல் சிவந்துகொண்டே போனது.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். பிள்ளைத்தாச்சியை ஏற்றினால் புருஷனும் ஏற வேண்டும். லீவு இல்லை, சம்பளம் பிடிப்பார்கள் என்று எவனாவது சொன்னால் இன்ஜினை நிறுத்திவிடுவார். ஒரு தடவை ஜெயபாலன் என்கிற பையன், "நான் வந்து அங்க என்னா செய்யப் போறேன் அண்ணே?" என்று கேட்டுவிட்டான். "ஒன்னும் செய்ய வேணாம்லா. கூட இரு" என்று சொல்லி அவனைக் கையைப் பிடித்து ஏற்றினார்.

எண்பத்தாறாம் வருடம், தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. நான் லயத்துக்கு வந்திருந்தேன். மூன்று நாள் மழை. காலையில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். காலை அசைக்க முடியவில்லை. தொட்டால் அலறினாள். ஜீப்பின் பின்பக்கம் மெத்தையைப் போட்டு நாலு பேர் சேர்ந்து மெதுவாக ஏற்றினோம். நான் பின்னால் ஏறப் போனேன். பத்துமலை என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

அந்த ஏழு வருடத்தில் அந்த வண்டியை வேறொருவன் ஓட்டி யாரும் பார்த்ததில்லை. எனக்கு லைசென்ஸ் இருந்தது, ஆனால் ஈப்போவின் தார் ரோட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. அவர் சாவியை என் கையில் வைத்தார்.

"மச்சான், இந்தச் சேத்துல நானா?"

"குட்டக் கம்பிய முன்னால தள்ளு. ரெண்டாவது கியர். பிரேக்க தொடாத. போதும்."

பின்னால் ஏறி, மெத்தை ஓரத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அக்காவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் கிளப்பினேன். முதல் பள்ளத்திலேயே வண்டி தூக்கிப் போட்டது. அக்கா "ஐயோ" என்றாள். இரண்டாவது பள்ளத்தில் பின்சக்கரம் வழுக்கி, பாதைக்குக் குறுக்கே போய் நின்றது. 

வலியிலும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இவன் நம்மள கால்வாயில தள்ளப் போறான்" என்றாள். "நீங்க முன்னால போய் ஓட்டுங்களேன். சீக்கிரம் போயிரலாம்."

"அவன் ஓட்டட்டும்லா" என்றார் பத்துமலை. "மெதுவா போனாலும் பரவால்ல. நான் இங்கயே இருக்கேன்."